எங்க தெருக் காத்துக்கு நான் வேட்டி கட்டின கதை

கூச்சக்காரப் பொம்பளைக்கு வாயில் வர வேண்டியதெல்லாம் கையில் வந்துவிடும். பேசத் தெரியாத குறைக்குப் பெருக்குவாள், துடைப்பாள், எதையாவது மூடி வைப்பாள். நான் அந்த ரகம். வீட்டுக்கு யாராவது வந்தால் "வாங்க"ன்னு சொல்ல எனக்கு நாக்கு எழாது. அதுக்குப் பதிலா, தேய்ச்சு வச்ச சொம்பையே எடுத்து இன்னொரு தரம் தேய்ப்பேன். கல்யாணமாகி ஆறு மாசம் கழிச்சு எங்க மாமனார் என் அப்பாவைத் தனியாக் கூப்பிட்டு, "பொண்ணுக்குப் பேச்சு வரும்தானே"ன்னு விசாரிச்சாராம். (வரும். அஞ்சாங் கிளாசில் மனப்பாடப் பாட்டு முழுசா ஒப்பிச்சிருக்கேன். சுவரைப் பார்த்துகினு.)

இந்தக் கையால் நான் ஒரு பகல் முழுக்க செய்த வேலை ஒன்று, ஆரணியில் இன்னைக்கும் ரோடா கிடக்குது. அதை நான் சொல்லி யாரும் கேட்டதில்லை. மத்தவங்க சொல்லி நான் கேட்டிருக்கேன், நூறு தரம்.

எழுபதுகளில் நான் வாழ வந்தப்போ எங்க தெருவில் வண்டின்னா மாட்டு வண்டிதான். பட்டு நெய்யற தெரு அது, விடிஞ்சதும் தெருவோட நீளத்துக்குத் தறி நூலைப் பாவா இழுத்துக் கட்டுவாங்க. மாம்பழக் கலர், கத்திரிப்பூ கலர், சில நாள் சாயத்துக்குப் போகாத வெள்ளை. வெயில் ஏறுறதுக்குள்ள நூலை நீவி, அறுந்ததை முடிஞ்சு, சுருட்டி எடுத்துடணும். அதுவரைக்கும் தெருவில் யாரும் செருப்பைக்கூட தட்டி நடக்க மாட்டாங்க. புழுதின்னா எங்களுக்குப் பாம்பு மாதிரி. தறியை விட்டு ஒரு வாய் காபிக்கு எழுந்தாலும், நெய்த துணி மேல ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடிட்டுத்தான் எழணும். ஒரு கறை இருந்தாப் போதும், முதலாளி புடவையைத் திருப்பி அனுப்பிடுவார். வெள்ளையா ஒண்ணு வெளியில இருந்தா மூடு. இதுதான் புகுந்த வீட்டில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். ரெண்டாவது பாடம் ஒண்ணும் இல்லை.

எண்பது பொறந்ததும் லாரி பெருத்துப் போச்சு. நெல்லு லாரி, அரிசி லாரி, செய்யாறு பக்கமிருந்து வர்றது, வேலூர் பக்கம் போறது, எல்லாம் கடைத்தெருவில் வந்து மாட்டிகினு ஆரன் அடிக்கும். லாரிக்குன்னு தனியா ஒரு ரோடு போடணும்னு ஆபீசில் முடிவு பண்ணினாங்க. (எந்த ஆபீசுன்னு எழுத மாட்டேன். இன்னும் அங்க போய் வரி கட்ட வேண்டியிருக்குது.) ஆபீசு சுவத்துல ஒரு வரைபடம் மாட்டியிருந்தாங்களாம். அதில் ரெண்டு கோடு. நீலக் கோடு ஊரைச் சுத்தி, கழனி வழியா வளைஞ்சு போகும். சிவப்புக் கோடு நேரா எங்க தெரு வழியா. சிவப்புக் கோட்டுக்கு ஒரு ஸ்கேல் இருந்தாப் போதும். நீலக் கோட்டுக்கு நிலம் வேணும். நிலத்துக்குச் சொந்தக்காரங்க இருந்தாங்க, சொந்தக்காரங்க வீட்டில் டெலிபோன் இருந்தது. எங்க தெருவில் யார் வீட்டிலும் டெலிபோன் இல்லை.

முடிவு ஆகுற வரைக்கும் தற்காலிகமா லாரியை எங்க தெருவில் திருப்பி விட்டாங்க. தற்காலிகம்ங்கற வார்த்தையை நான் அப்பத்தான் கத்துகிட்டேன்.

எங்க வீட்டுக்காரருக்கு சின்ன வயசிலிருந்தே இழுப்பு உண்டு. அதுவரைக்கும் மார்கழியில் மட்டும் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போகும். லாரி வந்த பிறகு அது வீட்டோட தங்கிடுச்சு. குழித்தறியில் உட்கார்ந்து அவர் நெய்யும்போது, நாடா ஓடுற சத்தத்துக்கு நடுவில் மாரிலிருந்து ஒரு விசில் வரும். டாக்டர் கையை விரிச்சுட்டார். புழுதியையும் டீசல் புகையையும் விட்டு விலகி இருந்தா இன்னும் முப்பது வருஷம் நெய்யலாம், இல்லைன்னா தறியை மறந்துடுன்னார். எங்கே விலகறது? தறி வீட்டுக்குள்ள, வீடு தெருவுக்குள்ள, தெரு புழுதிக்குள்ள.

அதனால எங்க தெருவுக்கு அந்த ரோடு வேணாம்னு மனு எழுதினப்போ முதல் கையெழுத்து அவருடையது. மனுவை எடுத்துகினு போனவங்ககிட்ட ஓவர்சியர் ஒரு வழி சொல்லி அனுப்பினார். புதுசா ஒரு சட்டம் வந்திருக்குது, காத்தில் இவ்வளவு தூசுக்கு மேல் இருந்தா ஆள் குடியிருக்கிற தெருவில் பெரிய ரோடு கொண்டு வர யோசிக்கணும், அளக்கறதுக்கு வேலூரிலிருந்து மெஷினோட ஆள் வருவாங்க, அளவு மேல போனா நீலக் கோடு, கீழே வந்தா சிவப்புக் கோடு. இவ்வளவுதான் விஷயம். இதைத் தெருவில் எல்லா ஆம்பளைங்களும் தெரிஞ்சு வச்சிருந்தாங்க. பொம்பளைங்க காதுக்கு வந்தது, "வேலூர்லேர்ந்து ஆபீசருங்க நம்ம தெருவைப் பார்க்க வராங்க"ங்கற அளவுக்குத்தான்.

தெருவில் மாடி வச்ச வீடு எங்களுடையது ஒண்ணுதான். மத்ததெல்லாம் ஓடு. அதனால மெஷினை எங்க மொட்டை மாடியில் வைக்கிறதுன்னு ஏற்பாடு.

ஆபீசர் வராங்கன்னா பொம்பளைங்க சும்மா இருப்போமா? என் நாத்தனார் சம்பூரணம் ரெண்டு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள், எனக்குப் பேசத் தெரியாததையெல்லாம் சேர்த்துப் பேசுறவள். முதல் நாளே வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டாள். அன்னைக்குக் காலையில் பாவு எதுவும் கட்டலை. தெரு முழுக்கக் கூட்டி, வீட்டுக்கு நாலு குடம்னு தண்ணி தெளிச்சு, புழுதியெல்லாம் படிஞ்சு போய், மண் வாசனையில் தெருவே குளுகுளுன்னு இருந்தது. மெஷின்காரர் ஜீப்பை விட்டு இறங்கினதும் செருப்பைத் தூக்கிப் பார்த்தார்.

"ராத்திரி மழையா இங்க?"

"இல்லீங்க, எங்க தெரு எப்பவும் இப்படித்தான்" என்றாள் சம்பூரணம்.

அவர் அதைக் குறிச்சுகிட்டார்.

மெஷின்னா ஒரு தகரப் பெட்டி. என் நெஞ்சு உயரம். மேலே புறாக்கூண்டு மாதிரி ரெண்டு பக்கமும் சரிவா ஒரு கூரை. கூரைக்கு அடியில் சுத்திலும் இடுக்கு. மெஷின்காரர் கூரையைத் தூக்கிட்டு, ஒரு உறையிலிருந்து வெள்ளைக் காகிதம் ஒண்ணை எடுத்தார். மாடிப்படியில் நின்னு பாதி முகத்தோட நான் பார்த்துகினு இருந்தேன். அப்படி ஒரு வெள்ளையை நான் காகிதத்தில் கண்டதில்லை. சாயத்துக்குப் போகாத பட்டுதான் அந்த வெள்ளையா இருக்கும். விளிம்பை மட்டும் ரெண்டு கையாலயும் பிடிச்சு, விரல் படாமல் வச்சு மூடினார். எனக்கு அவர் மேல மரியாதையே வந்துடுச்சு. வெள்ளையைத் தொடத் தெரிஞ்ச மனுஷன்.

ஸ்விட்சு போட்டதும் பெட்டி ரைஸ் மில் மாதிரி அலற ஆரம்பிச்சது. அவர் எங்க வீட்டுக்காரர்கிட்ட ரொம்ப நேரம் விளக்கினார். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு எழுத்தும் விழலை. சாயங்காலம் வரேன்னு அவர் ஜீப்பில் கிளம்பிட்டார். எங்க வீட்டுக்காரரும் நெய்து முடிச்ச புடவையை மடிச்சு எடுத்துகினு முதலாளி வீட்டுக்குப் புறப்பட்டார்.

"மேல மெஷின் ஓடிகினு கீது. அந்த வெள்ளைப் பேப்பர்லதான் நம்ம தலையெழுத்தே கீது. பத்திரமா பாத்துக்கோ."

நான் தலையாட்டினேன். பத்திரமான்னா எப்படின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கட்டின புருஷன்கிட்ட என்ன கூச்சம்னு கேப்பீங்க. எதையாவது கேட்டா என் அஞ்சாங் கிளாசு வெளியில தெரிஞ்சுடுமோன்னு எனக்கு எப்பவும் ஒரு பயம். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி தலையாட்டியே ஒரு குடும்பத்தை நடத்திட்டேன்.

அவர் போனதும் மாடிக்குப் போனேன். தெருவில் எவ்வளவு தண்ணி தெளிச்சா என்ன, லாரி பின்னாடி விடுற புகையைத் தெளிக்க முடியுமா? மூணு லாரி போச்சு. குனிஞ்சு இடுக்கு வழியாப் பார்த்தேன். காகிதத்தோட ஓரம் மங்கியிருந்தது. நாலாவது லாரி போச்சு. மறுபடி பார்த்தேன். இன்னும் மங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள்ள இது கறுத்துப் போனா, நம்பிக் கொடுத்துட்டுப் போன மனுஷனுக்கு என்ன பதில் சொல்றது? எங்க வீட்டுக்காரர் முகத்தில் எப்படி முழிக்கிறது? தலையெழுத்துன்னு வேற சொல்லிட்டுப் போயிருக்கார்.

நேரா கீழே வந்தேன். அவருடைய பழைய எட்டு முழ வேட்டி ஒண்ணை எடுத்து, தண்ணியில் நனைச்சுப் பிழிஞ்சேன். ஈரத் துணியில் தூசு ஒட்டிக்கும், உள்ளே போகாது. எடுத்துகினு போய்ப் புறாக்கூண்டைச் சுத்தி நாலு சுத்து சுத்தி, முனையை இறுக்கிச் செருகினேன். மெஷின் வேட்டியை உள்பக்கமா இழுத்து ஒட்ட வச்சுகிச்சு. அலறல் கொஞ்சம் இறங்கிச்சு. அழுத குழந்தைக்குப் பால் கிடைச்ச மாதிரி இருந்தது எனக்கு.

மொளகாய் காய வைக்க வந்த சம்பூரணம் படியிலேயே நின்னுட்டாள்.

"இன்னா அண்ணி, மெஷினுக்கு வேட்டி கட்டி வுட்டுகிற? துண்டு எங்க, மாலை எங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு உடனே புரிஞ்சுபோச்சு. புத்திசாலி. கீழே போய் ரெண்டு பக்கெட் தண்ணி தூக்கிட்டு வந்தாள்.

அன்னைக்குப் பகல் முழுக்க நாங்க ரெண்டு பேரும் பட்ட பாட்டை என்னன்னு சொல்ல. மணிக்கு ஒரு தரம் வேட்டியை அவிழ்ப்போம். கரி பிடிச்சுக் கிடக்கும். பக்கெட்டில் அலசுவோம். தண்ணி மை மாதிரி இறங்கும். அதை மாடித் தூம்பில் ஊத்திட்டு, பிழிஞ்சு, மறுபடி கட்டுவோம். சோறுகூட மாத்தி மாத்திப் போய்த்தான் சாப்பிட்டோம். எங்க தெருவோட நியாயம் மொத்தமும் அந்த பக்கெட்டில் இருந்தது. அதை நான் என் கையாலேயே சாக்கடையில் கவிழ்த்தேன், ஒன்பது தரம்.

சாயங்காலம் ஜீப் சத்தம் கேட்டதும் வேட்டியை உருவி ஒளிச்சுட்டேன். வீட்டு ஆம்பளை கட்டுற துணியை வெளி மனுஷன் கண்ணில் காட்டறதா? மெஷின்காரர் வந்து கூரையைத் தூக்கினார். காகிதத்தை வெளிச்சத்தில் பிடிச்சார். மெஷினைத் தட்டினார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். லேசா சாம்பல் பூத்த மாதிரி இருந்தது, அதுவும் ஓரத்தில்தான்.

"யாராவது தொட்டாங்களாம்மா?"

இல்லைன்னு தலையாட்டினேன். பொய்யும் இல்லை. நான் தொடலை, வேட்டிதான் தொட்டது. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை. அவர் ஒரு வார்த்தை பாராட்டுவார்னு எதிர்பார்த்து நின்னேன். காகிதத்தை உறையில் போட்டுகினு போயிட்டார். முதலாளி வீட்டில் கல்யாணப் புடவை எடுக்க வர்ற பார்ட்டிக்குக் காத்திருந்துட்டு இருட்டுற நேரத்துக்கு வந்த எங்க வீட்டுக்காரர், மெஷின் நல்லபடியா ஓடிச்சான்னு கேட்டார். ஓடிச்சுன்னு தலையாட்டினேன். பாவம், அவரும் சந்தோஷமாப் படுத்தார்.

ஒரு மாசம் கழிச்சு ஆபீசில் கூட்டம் போட்டாங்க. ஆட்சேபணை இருக்கிறவங்க வந்து சொல்லலாம்னு தமுக்கு அடிச்சாங்க. தெருவே போச்சு. பொம்பளைங்க பின்னாடி பெஞ்சியில் உட்கார்ந்தோம். மேசைக்குப் பின்னாடி பெரிய அதிகாரி, பக்கத்தில் ஓவர்சியர். அதிகாரி காகிதத்தைப் பார்த்துப் படிச்சார். ஊரில் மூணு இடத்தில் அளந்தாங்களாம். கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு, எங்க தெரு.

"ஆரணியிலேயே சுத்தமான காத்து உங்க தெருவுலதான்யா இருக்குது" என்றார். "சந்தோஷப்படுங்க."

சம்பூரணம் என் தொடையைக் கிள்ளினாள், பெருமையில். முன்னாடி ஆம்பளைங்க எல்லாம் எழுந்துட்டாங்க. எங்க வீட்டுக்காரர், எப்படிங்க, அது எப்படிங்கன்னு கேட்டுகினே இருந்தார், இருமல் வந்து மேலே பேச முடியலை. அதிகாரி நல்ல மனுஷன்தான், பொறுமையா விளக்கினார். மெஷின் காத்தை உறிஞ்சும், காத்தில் இருக்கிற தூசு காகிதத்தில் ஒட்டும், காகிதம் எவ்வளவு கறுக்குதோ அவ்வளவு அழுக்கு, அதை எடை போட்டுத்தான் கணக்கு. உங்க காகிதம் கறுக்கலை.

எனக்குக் காதில் ரயில் ஓடிச்சு. சம்பூரணம் கிள்ளின கையை எடுக்க மறந்து அப்படியே வச்சிருந்தாள். திரும்பி அவளைப் பார்த்தேன். ஊருக்கே பேசறவள், வாயில் முந்தானையை வச்சு அமுக்கிகினு தரையைப் பார்த்தாள்.

"இந்த அளவு தப்புன்னு சொல்றதுக்கு யார்கிட்டயாவது காரணம் இருக்குதா? இருந்தா இப்பவே சொல்லுங்க, மறுபடி அளந்துடலாம்."

மறுபடி அளந்துடலாம். என் ரெண்டு காதாலும் கேட்டேன். ஒரே ஒரு வார்த்தை. வேட்டின்னு சொல்லியிருந்தாக்கூடப் போதும், மீதியை அவங்களே கேட்டிருப்பாங்க. நான் எழுந்து நின்னேன். சத்தியமா நின்னேன். பெஞ்சி கிறீச்சின்னு சத்தம் போட்டுது. அறையில் இருந்த அத்தனை தலையும் திரும்பிச்சு. ஓவர்சியர், மின்விசிறிக்கு அடியில் நின்னுகினு இருந்த பியூன், எங்க வீட்டுக்காரர். இருமி இருமிச் சிவந்த கண்ணோட அவர் என்னைப் பார்த்தார். பத்து வருஷத்தில் நான் நாலு பேர் முன்னாடி எழுந்து அவர் பார்த்ததில்லை.

"சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் இல்லீங்க."

உட்கார்ந்துட்டேன். அதிகாரி பக்கத்திலிருந்தவரைப் பார்த்துத் தலையசைச்சார். அவர் எழுதிகிட்டார். தீர்மானத்தின் நகல் பிறகு தெருவுக்கு வந்தப்போ அதைப் படிச்சேன். எழுத்துக்கூட்டி, நானே படிச்சேன். பெண்கள் தரப்பில் ஆட்சேபணை ஏதும் இல்லை.

திரும்பி நடந்து வரும்போது அவர்கிட்ட சொன்னேன். ரோட்டைப் பார்த்துகினே எல்லாத்தையும் சொன்னேன், வேட்டி, பக்கெட்டு, தூம்பு. அவர் ஒரு கல்வெர்ட்டு மேல உட்கார்ந்துட்டார். அடிப்பார்னு நினைச்சேன். சிரிக்க ஆரம்பிச்சார். சிரிப்பு இழுப்பாகி, இழுப்பு சிரிப்பாகி, முதுகை நான் தடவிவிட்டுகினே நின்னேன்.

"எந்த வேட்டி?" என்று கேட்டார், மூச்சு வந்ததும்.

"அந்தக் கரை கிழிஞ்ச வேட்டிங்க."

"நல்ல வேட்டியா எடுத்திருக்கலாம் இல்ல" என்றார்.

மறுநாளே போய் ஓவர்சியர்கிட்ட சொல்லிப் பார்த்தார். அளந்தாச்சு, தீர்மானம் ஆயாச்சு, வேட்டி கதையெல்லாம் எழுத்தில் கொடுங்கன்னார். எழுத்தில் கொடுத்தார். ஜல்லி கொட்டி, தார் ஊத்தி, வாசல் படி ரெண்டு இடிச்ச பிறகு பதில் வந்தது, தங்கள் மனு பரிசீலனையில் உள்ளதுன்னு. அப்புறம் பாவு கட்டறவங்க ஊருக்கு வெளியே இடம் தேடிப் போனாங்க. டாக்டர் மறந்துடுன்னு சொன்ன தறியில் எங்க வீட்டுக்காரர் இன்னும் மூணு வருஷம் உட்கார்ந்தார். பிறகு எழுந்தவர் உட்காரலை. ஒரு ஜவுளிக் கடையில், மத்தவங்க நெய்ததை மடிச்சு வைக்கிற வேலைக்குப் போனார்.

கதையை ஊருக்குப் பரப்பினதும் அவர்தான். என்னைக் குத்திக்காட்ட இல்லை. எப்படியும் சம்பூரணம் சொல்லப் போறாள், அவள் சொல்றதுக்கு முன்னாடி நாம சொல்லிடணும்னார். கல்யாண வீடு, காது குத்து, எங்க போனாலும் சொல்லுவார். இருமல் வந்தால் நெஞ்சைப் பிடிச்சுகினே, "சர்க்கார் கணக்குல நான் இருமலைங்க"ன்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பார். வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, நீங்க இருக்கிற இடத்தில் தூசு, புகை உண்டான்னு கேட்டப்போ, என்னைக் கை காட்டி, "இவங்களைக் கேளுங்க, இவங்கதான் அளந்தாங்க"ன்னார். எங்க வீட்டில் பசங்க எதையாவது உடைச்சுட்டு முழிச்சா, என் குரலில், தலையைக் குனிஞ்சு, "ஒண்ணும் இல்லீங்க"ன்னுதான் சொல்லும். அதுக்கு நானும் சிரிப்பேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் மோசம்.

அவர் போய் ஒரு வருஷம் ஆன திதிக்கு எல்லாரும் வந்திருந்தாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி வழக்கம் போல யாரோ ஆரம்பிச்சாங்க, சம்பூரணம் மெஷின் மாதிரி அலறிக் காட்டினாள், கிழவியாகியும் தொண்டை அப்படியே இருக்குது. எல்லாம் சிரிச்சு முடிஞ்சதும், செய்யாறு கம்பெனியில் வேலை செய்யற என் சின்ன மருமகன் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்து, "ஏன் அத்தை, அன்னைக்கு ஏன் சொல்லலை?"ன்னு கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. எங்க வீட்டுக்காரரும் கேட்டதில்லை. நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

ஒரு டிப்பர் லாரி தெருவில் திரும்பிச்சு. ஜன்னல், டம்ளர், மாலை போட்ட படம் எல்லாம் அதிர்ந்தது. எங்க தெருவில் லாரி போகும்போது பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறது எல்லாருக்கும் பழக்கம். மருமகனும் காத்திருந்தார். அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு, அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. கடைசி லாரி போனதும் சம்பூரணம் எழுந்து இலை போடப் போனாள். நான் முந்தானையை எடுத்து வடை தட்டை மூடினேன்.